எடி வில்லர்ஸின் கணக்கு: அயன் ராண்டின் தொழில் நாவலில் மனித உறவுகள்

கேள்வி

அயன் ராண்டின் ‘அட்லஸ் ஷ்ரக்ட்’ 1957 அக்டோபரில் வெளிவந்தது. 1,100 பக்கங்களைத் தாண்டும் இந்த நாவலில் கதையை நகர்த்துவது ரயில்பாதையும் உருக்காலையும் செப்புச் சுரங்கமும் எண்ணெய்க் கிணறும்தான். தண்டவாளம் தேய்ந்தால் ஒரு மாநிலத்தின் தொழில் படுத்துவிடுகிறது. ஓர் ஒப்பந்தக்காரர் தொழிலை விட்டு விலகினால் ஒரு பாதையின் எதிர்காலமே ஆட்டம் காண்கிறது. அரசின் கட்டுப்பாடுகள் இறுக இறுக, அமெரிக்காவின் தலைசிறந்த தொழிலதிபர்களும் அறிவியலாளர்களும் கலைஞர்களும் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். அவர்களை ரகசியமாக வேலைநிறுத்தத்துக்கு அழைத்துச் செல்பவன் ஜான் கால்ட் என்ற பொறியாளன். தன் முன்னோர் நிறுவிய ரயில் நிறுவனத்தை விட்டுவிட மனமில்லாமல் கடைசிவரை போராடுபவள் டாக்னி டாகர்ட். அந்த நிறுவனத்தின் இயக்கப் பிரிவுத் துணைத் தலைவி அவள்.

நாவலின் தத்துவத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். அறிவே மனிதன் பிழைக்கும் வழி. தன் வாழ்வே ஒருவனுக்கு உயர்ந்த இலக்கு. பிறருக்காகத் தன்னைப் பலியிடுவதும் பிறரைத் தனக்காகப் பலி கேட்பதும் ஒரே அளவு தீமை. இவற்றிலிருந்து ஓர் உறவுக் கோட்பாடு பிறக்கிறது. மனிதர்கள் ஒருவரையொருவர் வணிகர்களாகச் சந்திக்க வேண்டும் என்பது அது. பொருளில் இருக்கும் கொடுக்கல் வாங்கல் நேர்மை நட்பிலும் காதலிலும் இருக்க வேண்டும். தகுதி பெறாத அன்பைக் கேட்பது திருட்டுக்குச் சமம்.

இந்தக் கோட்பாடு சரியா தவறா என்ற விவாதம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. இக்கட்டுரையின் கேள்வி அதைவிடக் குறுகியது. நாவலின் பாத்திரங்களுக்கிடையே உண்மையில் நடப்பவற்றை வைத்துப் பார்த்தால், இந்தக் கோட்பாடு அந்த நாவலுக்குள்ளேயே நிலைக்கிறதா?

இதுவரையிலான வாசிப்புகள்

நூல் வெளிவந்த ஆண்டிலேயே ‘நேஷனல் ரிவ்யூ’ இதழில் விட்டேகர் சேம்பர்ஸ் மிகக் கடுமையான மதிப்புரை ஒன்று எழுதினார். கம்யூனிசத்திலிருந்து விலகி வலதுசாரி முகாமுக்கு வந்தவர் அவர். நாவலில் மனிதர்களே இல்லை, நல்லவர் கெட்டவர் என்ற இரு அட்டைப்படங்கள் மட்டுமே இருக்கின்றன என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம். நாவலின் குரலில் நச்சுவாயு அறைகளுக்கு மனிதரை அனுப்பும் தொனி கேட்கிறது என்னும் அளவுக்கு அவர் போனார். அன்று தொடங்கி, எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தடத்திலேயே நடந்திருக்கிறார்கள்.

ஆதரவாளர்களின் தடம் வேறு. ராபர்ட் மேஹ்யூ 2009இல் தொகுத்த கட்டுரைத் தொகுதியில் உள்ளவை போன்ற ஆய்வுகள் ஒவ்வொரு பாத்திரத்தையும் ஒரு கருத்தின் உருவமாக எடுத்துக்கொண்டு, அந்தக் கருத்து எவ்வளவு சீராக வெளிப்படுகிறது என்று காட்டுகின்றன. ராண்டே இப்படி வாசிக்கப்படுவதைத்தான் விரும்பினார். நாவலின் உரைகளைத் தனியே பிரித்தெடுத்து 1961இல் ஒரு நூலாக வெளியிட்டவர் அவர்.

இந்த இரண்டுக்கும் வெளியே சில முயற்சிகள் உண்டு. மிமி கிளாட்ஸ்டீன் எழுபதுகளிலேயே டாக்னியைப் பெண்ணியக் கோணத்தில் வாசித்தார். ஒரு பெரும் ரயில் நிறுவனத்தை நடத்தும், மூன்று ஆண்களைத் தன் விருப்பத்தின்படி நேசிக்கும், அதற்காகத் தண்டிக்கப்படாத ஒரு நாயகி அன்றைய அமெரிக்கப் புனைவில் அரிது என்பது அவருடைய வாதம். அதே ராண்ட், 1968இல் எழுதிய கட்டுரையில், அறிவார்ந்த பெண் நாட்டின் அதிபராக விரும்பமாட்டாள் என்றும் நாயகனை வியந்து போற்றுவதே பெண்மையின் சாரம் என்றும் வாதிட்டார். டாக்னி பாத்திரத்தின் வலிமையும் சிக்கலும் இந்த முரணுக்குள் இருக்கின்றன. கிறிஸ் சியபாரா 1995இல் ராண்டை ரஷ்யச் சிந்தனை மரபுக்குள் வைத்து ஆராய்ந்தார். ஜெனிஃபர் பர்ன்ஸும் ஆன் ஹெல்லரும் 2009இல் தனித்தனியே வாழ்க்கை வரலாறுகள் எழுதினர்.

இந்திய வாசகர்களிடம் இந்நாவலுக்கு ஒரு தனி வாழ்வு இருந்துவருகிறது. பொறியியல், மேலாண்மை படிக்கும் இளைஞர்களிடம் கைமாறிக்கொண்டிருக்கும் ஆங்கில நூல்களில் இதுவும் ஒன்று. யாரும் வேலையை விடக்கூடாது, எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கக்கூடாது, உற்பத்தியைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று நாவலின் அரசு போடும் 10-289 என்ற ஆணையைப் படிக்கும்போது, 1991க்கு முந்தைய லைசென்ஸ் ராஜ் காலத்தை அறிந்தவருக்கு அது கற்பனையாகத் தோன்றாது. ஆனால் இங்கும் நாவல் பெரும்பாலும் கால்ட்டின் நூலாகவே வாசிக்கப்படுகிறது. அவனுடைய வானொலி உரை மட்டுமே ஏறத்தாழ 60 பக்கம்.

எடி வில்லர்ஸ், செரில் புரூக்ஸ், டோனி என்ற இளைஞன் ஆகிய சிறு பாத்திரங்களை மேற்சொன்ன வாசிப்புகள் தொட்டுச் செல்கின்றன. நாவலின் உறவுக் கோட்பாட்டை உண்மையாகவே சோதிப்பவர்கள் இவர்கள்தான் என்பது என் நிலைப்பாடு.

ரியார்டன் வீடு: கோட்பாடு வெல்லும் இடம்

முதலில் நாவல் மிக உறுதியாக நிற்கும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். ஹாங்க் ரியார்டன் பென்சில்வேனியாவின் உருக்காலை முதலாளி. 10 ஆண்டு உழைத்து, எஃகைவிட வலுவான, விலை குறைந்த ஓர் உலோகக் கலவையை உருவாக்குகிறான். அதன் முதல் வார்ப்பிலிருந்து ஒரு காப்புச் சங்கிலி செய்து மனைவி லில்லியனுக்குக் கொண்டுபோகிறான். வீட்டில் அது கேலிப் பொருளாகிறது. எல்லோரையும் அவன் கட்டிவைத்திருப்பதன் அடையாளம் என்று லில்லியன் அதற்குப் பொருள் சொல்கிறாள். பிறகு ஒரு விருந்தில் அவள் அதைக் கழற்றிக் காட்டிப் பழித்துப் பேசும்போது, டாக்னி தன் வைரக் காப்பைக் கொடுத்து அந்த உலோகக் காப்பை வாங்கிக்கொள்கிறாள். அங்கே நடப்பது சொல்லுக்குச் சொல் வணிகம். அந்தப் பொருளின் மதிப்பை அறிந்தவள் அதற்கு உரிய விலையைக் கொடுக்கிறாள். கோட்பாட்டின் எந்த உரையையும் விட இந்த ஒரு கைமாற்றம் அதைத் தெளிவாக்குகிறது.

தம்பி பிலிப் ஒரு பொதுநல அமைப்புக்கு 10,000 டாலர் கேட்கும் காட்சியும் அப்படித்தான். ரியார்டன் கொடுக்கிறான். பிலிப் பணமாகவே தரச் சொல்கிறான். முதலாளி ரியார்டனின் பெயர் அந்த அமைப்பின் கணக்கில் வந்தால் அவர்களுக்குச் சங்கடமாம். கொடுப்பவனிடம் வாங்கிக்கொண்டே கொடுப்பவனைக் கறைபடிந்தவன் ஆக்கும் இந்தப் பழக்கத்தை நம் கூட்டுக் குடும்பங்களில் பார்க்காதவர் யார்? சம்பாதிக்கும் ஒருவனைச் சுற்றி ஒரு வீடே அவனுடைய குற்றவுணர்வைத் தின்று வாழ முடியும் என்பதை ராண்ட் நுட்பமாக, பொறுமையாகக் காட்டுகிறார். ரியார்டனின் விடுதலை பணத்தை நிறுத்துவதில் தொடங்குவதில்லை. தான் குற்றவாளி என்று தானே ஒப்புக்கொண்டிருந்ததை நிறுத்துவதில் தொடங்குகிறது. பலியாகிறவன் தரும் ஒப்புதல் இல்லாமல் பலி நிறைவேறாது என்ற நாவலின் மையக் கருத்து இங்கே வெறும் கருத்தாக இல்லை. நம்மோடு வாழ்ந்த ஒரு மனிதனின் வரலாறாகிவிடுகிறது. சேம்பர்ஸின் அட்டைப்படக் குற்றச்சாட்டு ரியார்டனைத் தொடவே முடியாது.

பள்ளத்தாக்கும் பொறாமையற்ற காதலும்

வேலைநிறுத்தக்காரர்கள் கொலராடோ மலைகளுக்கிடையே ஒளிந்திருக்கும் ஒரு பள்ளத்தாக்கில் வாழ்கிறார்கள். அங்கே எல்லாவற்றுக்கும் தங்க நாணயத்தில் விலை உண்டு. நண்பனின் காரை ஒரு நாள் எடுத்தால்கூட வாடகை. இலவசமாகக் கொடுத்தல் என்ற பேச்சே அங்கு விலக்கு. விமானம் விழுந்து அங்கே வந்துசேரும் டாக்னி ஒரு மாதம் கால்ட்டின் வீட்டில் சமைத்து, துப்புரவு செய்து, தன் செலவை ஈடுகட்டுகிறாள். ஒரு நிறுவனத்தின் ரயில்களையே இயக்கியவள் கூலிக்கு வீட்டுவேலை செய்வதில் அவமானம் எதுவும் இல்லை என்பது நாவலின் நிலை. அதை ஏற்கலாம். ஆனால் அந்த மாதத்தில் அவளுடைய தொழில்திறனுக்குப் பள்ளத்தாக்கு தரும் இடம் அடுப்படி என்பதையும் கிளாட்ஸ்டீனின் வாசிப்போடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

பள்ளத்தாக்கின் உறவுகளில் மிகவும் வியப்பூட்டுவது காதல். செப்புச் சுரங்க வாரிசான ஃபிரான்சிஸ்கோ டான்கோனியா டாக்னியின் இளமைக் காதலன். வேலைநிறுத்தத்துக்காக அவளை விட்டு விலகி, ஊதாரி வேடம் போட்டுக்கொண்டு, தன் நிறுவனத்தைத் தானே அழிக்கிறான். ரியார்டன் அவளுடைய இரண்டாவது காதலன். கடைசியில் அவள் கால்ட்டைத் தேர்கிறாள். மூவரும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். மற்ற இருவரும் அவளுடைய தேர்வை ஏற்கிறார்கள். அறிவுள்ள மனிதரின் நலன்கள் மோதுவதில்லை என்ற கோட்பாட்டுக்கு இது சான்றாக வைக்கப்படுகிறது.

இதை ராண்டின் சொந்த வாழ்க்கையோடு இணைத்து விளக்குபவர்கள் உண்டு. தன் சீடரான நேதனியல் பிராண்டனோடு ராண்டுக்கு இருந்த உறவை இருவருடைய துணைவர்களும் அறிந்திருந்தனர். நூல் முதலில் கணவர் ஃபிராங்க் ஓ’கானருக்கும் பிராண்டனுக்கும் சேர்த்தே சமர்ப்பிக்கப்பட்டிருந்தது. 1968இல் ஏற்பட்ட முறிவுக்குப் பிறகு பிராண்டனின் பெயர் நீக்கப்பட்டது. இந்தச் சாவி எளிதாகக் கைக்கு வருகிறது, ஆனால் பூட்டுக்குப் பொருந்துவதில்லை. ராண்ட் பிராண்டனைச் சந்தித்தது 1950இல். நாவலை அவர் எழுதத் தொடங்கியது 1946இல்.

வேரை ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் தேடுவது பயனுள்ளது. 1905இல் அங்கே பிறந்து, அங்கேயே பல்கலைக்கழகம் முடித்து, 1926இல் அமெரிக்கா போனவர் ராண்ட். அவருடைய தந்தையின் மருந்துக்கடை புரட்சியின்போது பறிமுதலானது. அந்த ஊரின் அரசியல் இளைஞர்கள் இரண்டு தலைமுறைகளாகப் போற்றிய நூல் செர்னிஷெவ்ஸ்கி சிறையிலிருந்து எழுதிய ‘என்ன செய்ய வேண்டும்?’. 1863இல் வெளிவந்தது. அதிலும் அறிவார்ந்த தன்னலமே அறம். அதிலும் ‘புதிய மனிதர்கள்’ என்ற வகையினர் உண்டு. வேரா பாவ்லவ்னாவின் கணவன் லோபுஹோவ், அவள் தன் நண்பனை நேசிப்பதை அறிந்ததும், தற்கொலை செய்துகொண்டதாக நாடகமாடி விலகுகிறான். பிறகு வேறு பெயரில் அமெரிக்காவிலிருந்து தொழில் முகவராகத் திரும்பி வருகிறான். இரண்டு தம்பதியரும் மனக்கசப்பின்றி அருகருகே வாழ்கிறார்கள். தான் செய்தது தியாகமில்லை, தன் நலன் கருதிய கணக்கே என்று லோபுஹோவ் வற்புறுத்துகிறான். ஃபிரான்சிஸ்கோவும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறான்.

செர்னிஷெவ்ஸ்கி சோஷலிசவாதி, அவருடைய கனவு கூட்டுறவுத் தையற்கூடம். ராண்ட் அந்தக் கனவின் எதிரி. ஆடம் வைனர் 2016இல் எழுதிய நூலில் இந்த இரு நாவல்களையும் இணைத்து, செர்னிஷெவ்ஸ்கியின் மோசமான இலக்கியம் உலகுக்குச் செய்த கேட்டின் தொடர்ச்சியாக ராண்டைப் பார்க்கிறார். அந்தத் தீர்ப்பு எனக்கு மிகையாகவே படுகிறது. ஆனால் இந்த ஒப்புமை ஒன்றைத் தெளிவாக்குகிறது. துயரத்தைக் கணக்காக மாற்றிக்கொள்ளும் இந்த மனிதர்கள் அமெரிக்கச் சந்தையில் பிறந்தவர்களல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யக் கருத்து நாவலில் பிறந்தவர்கள். செர்னிஷெவ்ஸ்கிக்கு மறுப்பாக அடுத்த ஆண்டே தஸ்தயெவ்ஸ்கி ‘நிலவறைக் குறிப்புகள்’ எழுதினார். தன் நலனைத் தெரிந்தே மீறுகிற மனிதனை அந்த மறுப்பு முன்னே கொண்டுவந்தது. ராண்டின் நாவலில் அந்த மறுப்புக்கு இடமில்லை. ரியார்டனின் முன்னே நின்று, அவன் கையால் அறை வாங்கிக்கொண்டு, மேசை விளிம்பை இறுகப் பிடித்தபடி தன்னை அடக்கிக்கொள்ளும் ஃபிரான்சிஸ்கோவிடம் மட்டும் அந்த மறுப்பின் சூடு ஒரு கணம் தெரிகிறது. அந்தக் கணத்தில் அவன் கொடுக்கும் விலைக்கு ஈடாக எதுவும் அவன் கைக்கு வரவில்லை.

உணவகத்தில் ஒற்றைக் குரல்

எடி வில்லர்ஸ் டாக்னியின் உதவியாளன். அவனுடைய தந்தையும் தாத்தாவும் டாகர்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். அவளோடும் ஃபிரான்சிஸ்கோவோடும் ஒன்றாக விளையாடி வளர்ந்தவன். மேதை இல்லை, புதிதாக எதையும் கண்டுபிடிப்பவன் இல்லை. ஆனால் ரயில் ஓட வேண்டும் என்ற ஒன்றில் அவனுக்கு அசைவே கிடையாது. நாவல் அவனிடம் தொடங்குகிறது. முதல் பக்கத்தில் நியூயார்க் தெருவில் நடப்பவன் அவன்.

நாவலின் உச்சமான கதைநுட்பம் ஒன்று எடியைச் சுற்றி அமைந்திருக்கிறது. டாகர்ட் ரயில்முனையத்தின் தரைக்கடியில் இருக்கும் பணியாளர் உணவகத்தில் அவன் அவ்வப்போது ஒரு தண்டவாளப் பணியாளனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். அந்த ஆளின் பெயரை அவன் கேட்டதில்லை. அந்தக் காட்சிகளில் எடியின் பேச்சு மட்டுமே பதிவாகிறது. எதிரில் இருப்பவனின் கேள்விகளும் பதில்களும் வெற்றிடமாக விடப்படுகின்றன. கேட்கப்பட்டது என்ன என்பதை எடியின் பதிலிலிருந்து நாம் ஊகிக்க வேண்டும். நாவலின் மூன்றாம் பகுதியில் வாசகனுக்குத் தெரியவருகிறது, அந்தத் தண்டவாளப் பணியாளன்தான் ஜான் கால்ட் என்று. 12 ஆண்டுகளாக அவன் அந்த நிறுவனத்தின் சுரங்கங்களில் கூலிக்கு வேலை பார்த்துவந்திருக்கிறான்.

இப்போது அந்தப் பேச்சுகளைத் திரும்பிப் போய்ப் படிக்க வேண்டும். ரியோ நார்ட்டே பாதையைக் கட்ட மெக்நமாரா என்ற ஒப்பந்தக்காரரை நம்பியிருக்கிறோம் என்கிறான் எடி. மெக்நமாரா தொழிலை விட்டு விலகுகிறார். நிலக்கரி முதலாளி டானகர் அடுத்துப் போய்விடுவானோ என்று டாக்னி அஞ்சுகிறாள் என்கிறான். அவள் டானகரின் அலுவலகம் போய்ச் சேரும்போது அவளுக்கு முன்னால் ஒருவர் உள்ளே இருக்கிறார், டானகர் விலகிவிடுகிறான். குவென்டின் டேனியல்ஸ் என்ற இளம் அறிவியலாளனைத் தேடி அவள் யூட்டாவுக்குப் போகிறாள் என்கிறான். அவள் போவதற்குள் டேனியல்ஸ் கால்ட்டோடு விமானம் ஏறிவிடுகிறான். டாக்னிக்கும் ரியார்டனுக்கும் உள்ள உறவைச் சொல்லும்போதுதான், தான் அவளை எப்போதும் நேசித்துவந்ததை எடி தனக்கே ஒப்புக்கொள்கிறான். அவனுடைய அந்தரங்கம் மிகத் தெளிவாகத் திறக்கப்படும் இடம் அது. கேட்டுக்கொண்டிருப்பவன் அந்தப் பெண்ணைத் தானும் விரும்புகிறவன்.

வணிகர் நெறியின்படி இந்த உறவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எடி கொடுத்தது அவனிடம் இருந்தவற்றிலேயே மிக விலையுயர்ந்தது: நம்பிக்கை. அது டாக்னிக்கு உரிய நம்பிக்கை. அவன் தன்னையறியாமல் அதைக் கடத்தினான். கால்ட் திரும்பக் கொடுத்தது என்ன? ஒரு பொறுமையான செவி. தான் யார் என்பதை மறைத்தான். கேட்டதை எதற்குப் பயன்படுத்துகிறான் என்பதையும் மறைத்தான். எடி உயிராக நினைத்த ரயில்பாதையை வீழ்த்த எடியின் வாயிலிருந்து வந்த செய்திகளையே கருவியாக்கினான். ஏமாற்றி ஒருவரின் மதிப்பைப் பெறுவதை வன்முறையின் மறைமுக வடிவமாகவே ராண்டின் தத்துவம் வகைப்படுத்துகிறது. அந்த அளவுகோலை நாவல் தன் நாயகனுக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை.

இதற்கு ஆதரவாளர்கள் சொல்லக்கூடிய பதில்களை எடைபோட வேண்டும். கால்ட் எடியிடம் பொய் சொல்லவில்லை, பெயரைச் சொல்லாமல் இருந்தான், அவ்வளவே என்று ஒரு பதில். ஒற்றனின் மௌனமும் நண்பனின் மௌனமும் ஒன்றாகிவிடாது. இங்கே மௌனம் ஒரு செயலாகவே இருக்கிறது. போர்க்காலத்தில் இத்தகைய மறைப்பு நியாயம் என்பது இரண்டாவது பதில். இது வலுவானது. அரசு வன்முறையால் ஆள்கிறது, அதை எதிர்க்க மறைந்து செயல்படுவது தற்காப்பு என்று கால்ட்டின் தரப்பு வாதிடலாம். ஆனால் எடி அந்த அரசின் ஆள் இல்லை. எதிரியிடமிருந்து மறைப்பது தற்காப்பு. எதிரியல்லாதவனைக் கருவியாக்குவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. தானே விரும்பிப் பேசினான், பேசியதில் அவனுக்கு ஆறுதல் கிடைத்தது, அதுவே பரிமாற்றம் என்ற மூன்றாவது பதிலை ராண்டே ஏற்றிருக்கமாட்டார். பரிமாற்றத்துக்கு இருவரும் பொருளின் தன்மையை அறிந்திருக்க வேண்டும்.

எடியின் முடிவு தெரிந்ததுதான். அவன் பயணம் செய்யும் டாகர்ட் நிறுவனத்தின் காமெட் ரயில் அரிசோனா பாலைவனத்தில் பழுதாகி நிற்கிறது. குதிரை வண்டிகளில் வந்தவர்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். எடி மட்டும் எஞ்சினை விட்டு வர மறுக்கிறான். பள்ளத்தாக்கிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்ததே இல்லை. பின்னாளில் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில் ராண்ட், எடி இறந்தே தீர வேண்டியவன் அல்லன் என்றும், சுதந்திரமான சமுதாயத்தில் அவன் மகிழ்ச்சியாக வாழ்வான், கூட்டு வாழ்வைத் திணிக்கும் சமுதாயத்தில் முதலில் அழிவான் என்றும் விளக்கினார். தனியே ஒரு புதிய உலகை உருவாக்கும் ஆற்றல் அவனுக்கில்லை என்பது அந்த விளக்கத்தின் அடிப்படை. இந்த விளக்கம் எடியை ஒரு வகைமாதிரியாக எடுத்துக்கொள்கிறது. நாவல் காட்டும் எடி வகைமாதிரி அல்லன். அவனை அழிக்கும் காரணங்களில் அரசின் கொள்கை ஒன்று. அவன் மதிய உணவைப் பகிர்ந்துகொண்ட நண்பன் மற்றொன்று.

செரிலும் டோனியும்

டாக்னியின் அண்ணன் ஜேம்ஸ் நிறுவனத்தின் தலைவன். வாஷிங்டன் செல்வாக்கில் வாழ்பவன். செரில் புரூக்ஸ் ஒரு மலிவுவிலைக் கடையில் வேலைசெய்யும் ஏழைப் பெண். டாக்னி கட்டிய பாதையின் வெற்றியை ஜேம்ஸின் சாதனை என்று நம்பி அவனை வியக்கிறாள். தகுதியின்றிக் கிடைத்த அந்த வியப்புக்காகவே அவன் அவளை மணக்கிறான். அவள் உண்மையைத் தேடத் தொடங்குகிறாள். ரயில் பணியாளர்களிடம் விசாரிக்கிறாள். யார் உண்மையில் இந்த நிறுவனத்தை நடத்துகிறார்கள் என்று அவளுக்குச் சொல்பவன் எடி. நாவலில் உண்மை ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சேர வேண்டிய இடங்களில் எல்லாம் இந்த மேதையல்லாத மனிதன்தான் நிற்கிறான்.

உண்மை தெரிந்ததும் செரில் டாக்னியிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறாள். டாக்னி அவளை நாத்தனார் என்ற முறையில் அன்போடு ஏற்கிறாள். தன்னோடு தங்கும்படியும் கேட்கிறாள். அந்தக் காட்சியில் டாக்னிக்குச் செரிலிடமிருந்து கிடைக்கக்கூடிய ‘மதிப்பு’ எதுவும் இல்லை. துயரில் இருப்பவளை அவள் தாங்குகிறாள், அவ்வளவே. செரில் அன்றிரவே வீடு திரும்பிக் கணவனின் துரோகத்தைக் கண்டு, தெருக்களில் ஓடி, ஆற்றில் குதித்து இறக்கிறாள்.

ரியார்டனின் ஆலைக்கு அரசு அனுப்பிய கண்காணிப்பாளன் டோனி. கல்லூரியை இப்போதுதான் முடித்தவன். தொழிலாளர்கள் அவனைச் செவிலித்தாய் என்று கேலியாக அழைக்கிறார்கள். அறம் என்று ஒன்றில்லை என்று கற்றுவந்த அந்தப் பையன், உலையும் வார்ப்பும் நடப்பதைப் பார்த்துப் பார்த்து மெல்ல மாறுகிறான். ஒரு நாள் ரியார்டனிடம் வந்து, கசடு கூட்டும் வேலையானாலும் சரி, ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்கிறான். ஆணை அதற்கு இடம் தராததால் ரியார்டனால் கொடுக்க முடிவதில்லை. ஆலையில் அரசின் ஏற்பாட்டில் நடக்கும் கலவரத்துக்கு உதவ மறுத்து, டோனி சுடப்படுகிறான். ரியார்டன் அவனைக் கசடு மேட்டின் மீது சுமந்து ஏறுகிறான். வழியில் அவன் நெற்றியில் முத்தமிடுகிறான். தந்தை மகனுக்குச் செய்வது அது.

இந்த நாவலில் நான் மிகவும் மதிக்கும் பக்கங்கள் இவை. கோட்பாட்டின்படி ரியார்டன் டோனிக்கு எதற்கும் கடன்பட்டவன் இல்லை என்று வாதிடலாம். பையன் தன் உயிரால் ஆலையைக் காக்க முயன்றான், ஆகவே ரியார்டனின் அன்பு அதற்கான விலை என்றும் வாதிடலாம். இரண்டும் அந்தப் பக்கங்களுக்குப் பொருந்துவதில்லை. ரியார்டனின் கைகள் கணக்குக்கு முன்னே அசைகின்றன. பையனைக் கெடுத்து அனுப்பிய ஆசிரியர்கள்மீது அவனுக்கு மூளும் கோபம், வளர்த்தல் என்ற ஒரு கடமை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளும் கோபம். குழந்தைகளே அரிதாகத் தென்படும் இந்த நாவலில், பெற்றோரின் பாசம் முழு வலிமையோடு தோன்றும் இடம் ஓர் உருக்காலையின் கழிவுக் குவியல்.

ராண்டின் குறிப்பேடுகளில் ஃபாதர் அமேடியஸ் என்ற பாதிரியார் பாத்திரம் உண்டு. ஜேம்ஸின் பாவமன்னிப்பைக் கேட்பவராக, கருணையின் சிறந்த உருவமாக அவர் திட்டமிடப்பட்டிருந்தார். நம்பும்படி அவரைப் படைக்க முடியாது என்று ராண்ட் கைவிட்டுவிட்டார். அவர் விட்ட இடத்தை எடியும் ரியார்டனும் டாக்னியும் தத்தம் வேலைக்கு நடுவே நிரப்புகிறார்கள் என்று நான் வாசிக்கிறேன்.

தொழிலாளிகள்

தொழில் பற்றிய நாவலில் தொழிலாளிகளின் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும். ராண்ட் களத்துக்குப் போய்ப் பார்த்து எழுதியவர். ரயில் எஞ்சினில் ஏறிப் பயணம் செய்தார், உருக்காலைக்குப் போனார். புதிய பாதையில் முதல் ரயில் ஓடும் அத்தியாயத்தின் துல்லியம் அதற்குச் சான்று. ஆபத்தான பயணம் என்று தெரிந்தும் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் எல்லோரும் முன்வருகிறார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே கூலியைத் தாண்டிய ஒரு பெருமிதம் இருக்க முடியும் என்பதை இந்த அத்தியாயம் நம்பவைக்கிறது.

ஒரு தொழிலாளி நீண்ட நேரம் பேசும் இடம் நாவலில் ஒன்றே. ட்வென்டியத் செஞ்சுரி மோட்டார் ஆலையின் கதையை ஜெஃப் ஆலன் என்ற நாடோடி ரயிலில் டாக்னிக்குச் சொல்கிறான். திறனுக்கேற்ற உழைப்பு, தேவைக்கேற்ற ஊதியம் என்று 6,000 பேர் வாக்களித்து ஏற்ற திட்டம் அது. இசைத்தட்டு கேட்பதை மட்டுமே இன்பமாகக் கொண்ட ஒரு முதியவருக்கு அது மறுக்கப்படுகிறது. ஒரு சிறுமிக்குப் பல்லில் தங்கக் கம்பி கட்டப் பணம் ஒதுக்கப்படுகிறது. முதியவர் குடித்துவிட்டு அந்தக் குழந்தையின் பல்லை உடைக்கிறார். பக்கத்து வீட்டுக்காரனின் தேவை தன் சுமையாகும்போது பக்கத்து வீட்டுப் பாசம் எப்படிச் செத்துப்போகிறது என்பதை இந்தச் சில பக்கங்கள் சொல்லும் வலிமைக்கு வானொலி உரையின் 60 பக்கமும் ஈடாகாது. புரட்சிக்குப் பிந்தைய பீட்டர்ஸ்பர்க்கின் பசியை அனுபவித்தவரின் கை அது.

மறுபுறம், நாவலின் முன்னோர் வழிபாடு வரலாற்றோடு ஒத்துப்போவதில்லை. டாக்னியின் முன்னோன் நாட் டாகர்ட் அரசின் உதவி எதுவுமின்றிக் கண்டம் கடந்த பாதை அமைத்தவன். அமெரிக்காவின் முதல் கண்டம் கடந்த பாதை 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசு நிலங்களும் அரசுக் கடன் பத்திரங்களும் பெற்றே கட்டப்பட்டது. அதன் மேற்குப் பகுதியைக் கட்டிய சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தில் 10,000க்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள் மலையைக் குடைந்தனர். நாட் டாகர்ட்டின் சிலை முனையத்தில் நிற்கிறது. குடைந்தவர்களுக்கு நாவலில் பெயரில்லை. சுரங்கப்பாதை விபத்து அத்தியாயத்தில் இந்தப் பெயரின்மை இன்னும் கனமாகிறது. நிலக்கரி எஞ்சினைப் புகைபோக வழியில்லாத சுரங்கத்துக்குள் அனுப்பும் ஆணையில் யாரும் கையெழுத்திட விரும்பாமல் கைமாற்றி விடுவதை ராண்ட் எழுதியிருக்கும் விதம், நிர்வாகம் பற்றி எழுதப்பட்ட சிறந்த புனைவுப் பகுதிகளில் ஒன்று. அதன் பிறகு, இறக்கப்போகும் பயணிகளை ஒவ்வொருவராகக் காட்டி, அவரவர் கொண்டிருந்த தவறான கருத்தைப் பட்டியலிடுகிறார். அவர்களில் தன் இரண்டு குழந்தைகளைப் படுக்கையில் கிடத்திப் போர்த்தும் ஒரு தாயும் இருக்கிறாள். சேம்பர்ஸின் மிகையான குற்றச்சாட்டுக்குச் சிறிதேனும் ஆதாரம் தருவது இந்தப் பட்டியல். குழந்தைகளின் கருத்து என்ன என்று நாவலாசிரியர் சொல்வதில்லை.

மதிப்பீடு

சுரண்டும் உறவுகளைத் தோலுரித்துக் காட்டும் வரை ராண்டின் வணிகர் நெறி கூர்மையான கருவி. லில்லியனையும் பிலிப்பையும் ஜேம்ஸையும் அறிய அது போதும். ஒருவர் மற்றொருவரைத் தாங்கும் உறவுகளுக்கு வரும்போது அது போதவில்லை. அங்கே நாவல் தன் கோட்பாட்டைக் கேட்காமல் நடக்கிறது. கால்ட் எடியிடம் நடந்துகொண்ட விதத்தை நாவல் கேள்வி கேட்காமல் விட்டது அதன் மிகப் பெரிய அறக் குறை என்பது என் தீர்ப்பு. அந்தக் குறையைக் கண்டறியத் தேவையான எல்லாச் சான்றுகளையும் அதே நாவலாசிரியர், எதையும் மறைக்காமல், நம் முன் வைத்திருக்கிறார். கருத்துப் பிரசாரத்துக்காக மட்டும் எழுதியவர் எடிக்கு அத்தனை பக்கங்கள் கொடுத்திருக்கமாட்டார்.

இந்நாவலை ஏற்கெனவே படித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வானொலி உரையை ஒதுக்கி வைத்துவிட்டு, பணியாளர் உணவகத்தில் எடி பேசும் பகுதிகளை மட்டும் தேடியெடுத்து வரிசையாகப் படியுங்கள்; ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு யார் காணாமல் போகிறார்கள் என்று பக்கத்து ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கால்ட்டின் உரைக்கு வாருங்கள்.